ரத்தக்கொதிப்பு 100 பேருக்கு. அடங்கியது 17 பேருக்குத்தான்! மீதிப் பேர் எங்கே?

வீட்டு வாசலுக்கே வந்து பி.பி. பார்க்கிறார்கள். சர்க்கரை பார்க்கிறார்கள். மாத்திரையும் தருகிறார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. 2024-ல் ஐ.நா. விருதும் கிடைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் இதனால் ஜனங்களின் உடம்பு தேறியிருக்கிறதா? அதை எப்படி அளப்பது?

நோட்டு சொல்லாத கணக்கு

ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டைப் புரட்டினால் இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் மாத்திரை வாங்கினார்கள் என்பது தெரியும். வராதவர் கணக்கு அதில் ஏது? விற்பனையை மட்டும் பார்த்து லாபம் சொல்கிற கடைக்காரர் உண்டா?

அதற்காகத்தான் 'ஸ்டெப்ஸ்' சர்வே. உலக சுகாதார நிறுவனம் வகுத்துக் கொடுத்த முறை. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், வீடுகளுக்கே போய் 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களைச் சோதித்தார்கள். 2020-ல் தமிழ்நாட்டில் வந்த முடிவு என்ன தெரியுமா? ரத்தக்கொதிப்பு 33.9 சதவீதம் பேருக்கு. அதாவது மூன்றில் ஒருவர்! சர்க்கரை நோய் 17.6 சதவீதம். ரத்தக்கொதிப்புக்காரர்களில் அது கட்டுக்குள் இருந்தது வெறும் 7.3 சதவீதம் பேருக்கு!

2023-24-ல் மறுபடி பார்த்தார்கள். 7.3 என்பது 17 ஆனது. சர்க்கரையில் 10.8 என்பது 16.7 ஆனது. முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. மீதி 83 பேர்?

மூன்று ஓட்டைகள்

நோய் இருப்பதே தெரியாதவர் ஒரு ரகம். தெரிந்தும் மாத்திரையை விட்டவர் இன்னொரு ரகம். மாத்திரை போட்டும் அடங்காதவர் மூன்றாவது ரகம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. 'இத்தனை பேர் பயன் அடைந்தனர்' என்ற ஒற்றை எண்ணில் இந்த வித்தியாசம் தெரியாது.

ஊழியர் பகலில் கதவைத் தட்டுகிறார். காலையில் ரெயில் பிடித்து ராத்திரி திரும்பும் குமாஸ்தாவும், கல்லாவை விட்டு நகராத கடைக்காரரும் எப்படி அகப்படுவார்கள்? 2024-ல் தொழிற்கூடங்களுக்கும் திட்டத்தை நீட்டினார்கள். சின்னக் கடைகளுக்கு?

ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு போர்டு வைக்கட்டும். நம் பகுதியில் பெரியவர்கள் எத்தனை பேர், சோதித்தது எத்தனை பேரை, 140/90-க்குக் கீழே இருப்பவர் எத்தனை பேர் என்று எழுதட்டும். குட்டு வெளிப்பட்டுவிடும்.

ரத்தக்கொதிப்பு வலிக்காது, சொல்லிக்கொண்டும் வராது. பக்கவாதமாக, மாரடைப்பாகத்தான் முகம் காட்டும். சரி, உங்க பி.பி. எவ்வளவு சார்?