சிற்றறையும் பேரொலியும்

வாட் எண் பெரிதாயின் இசையும் பெரிதாம் என்னும் கொள்கை நம்மவரிடை வேரூன்றிவிட்டது. யாமும் அம்மயக்கத்திற்கு ஆட்பட்டவரே. பழனி வட்டத்துக் கீரனூரில் எந்தையார் பாட்டுக் கேட்கும் அறை 12 அடிச் சதுரம்; சிமெண்டுத் தளம், வெறுஞ்சுவர். அங்கே அலமாரித் தட்டில் சிறு ஸ்பீக்கர் இரண்டும், மூலையில் சப்வூபர் ஒன்றும் வைத்தோம். மறுநாள் அவர், "தம்பி, எனக்குச் செவி மந்தமாயிற்றுப் போலும், சாகித்தியம் ஒன்றும் விளங்கவில்லை" என்றார். குற்றம் அவர் செவியிலன்று. எம் அறியாமையிலே இருந்தது.

சிறிய பெட்டி, ஆழ்ந்த மந்தர ஒலி, குறைந்த மின்சக்தியில் மிக்க ஓசை ஆகிய மூன்றும் ஒருங்கே கிட்டா. பி.பி.சி. நிறுவனத்தார் 1970-களில் தம் ஒலிபரப்பு வண்டிகளுக்கென அமைத்த புகழ்பெற்ற எல்.எஸ். 3/5 ஏ என்னும் சிறு பெட்டியும், 1 வாட்டுக்கு 1 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 83 டெசிபலே ஒலிக்கும். நிற்க, 50 வாட் ஆம்ப்ளிபயரை விடுத்து 100 வாட் வாங்கினும் கூடுவது 3 டெசிபலே. ஆதலின் அட்டைப்பெட்டியின்மேல் அச்சிட்ட 'பீக்' எண்ணைக் கண்டு மயங்காது, 'ஆர்.எம்.எஸ்.' எண்ணைக் கேட்டறிக. ஸ்பீக்கர் 4 ஓம் எனின், ஆம்ப்ளிபயர் அப்பளுவைத் தாங்குமோ என்பதையும் காண்க.

அங்ஙனமாயின் சப்வூபர் வேண்டாவோ எனின், வேண்டும் என்பதே எம் கருத்து. ஒரு கட்டைச் சுருதியில் ஆடவர் தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 65 முறை அதிரும். அவ்வளவில் சிறு பெட்டிகள் பெரும்பாலும் தளர்ந்துவிடும். ஆயினும் அத்துணை வேண்டுவது தம்புராவுக்கும் தவிலின் தொப்பிக்குமேயன்றிப் பாடகர் குரலுக்கன்று. யாமோ எல்லைத் திருகை 150-இல் நிறுத்தி, குரலின் அடிப்பகுதியையும் சப்வூபர் வாயில் திணித்திருந்தோம்! போதாக்குறைக்கு, 12 அடிச் சுவர்களிடையே நொடிக்கு 47 அதிர்வை ஒட்டிய ஒலி தானே வீங்கும். அறை சதுரமாதலின் இருபுறமும் அதே வீக்கம். மூலை அதனை இன்னும் வளர்க்கும்.

பெட்டியை மூலையினின்றும் பெயர்த்தோம். திருகை 80-க்கு இறக்கினோம். சப்வூபரின் ஓசையைப் பாதியாகக் குறைத்தோம். எதிரொலி அடங்கத் தரையில் ஜமக்காளம் ஒன்று விரித்தோம். புதிதாக ஒன்றும் வாங்கினோமல்லோம். எந்தையார் இப்பொழுது சரணத்தைக் கூடவே முணுமுணுக்கின்றார். எம் தமையனார் மட்டும், "சன்னல் அதிரவில்லையே!" என்று இன்னும் குறைகூறிக்கொண்டிருக்கின்றார்.