நிறுத்தும் வித்தை

ஒரு யந்திரத்தை இயக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவனின் உள்ளம் அது எவ்வளவு வேகமாகச் செல்லும், எவ்வளவு உயரம் எழும் என்பவற்றிலேயே லயித்து நிற்பதும், அதை எந்தக் கணத்திலும் அடக்கி நிறுத்துவது எப்படி என்ற சிந்தனை மிகத் தாமதமாக, பல வேளைகளில் ஒரு விபத்துக்குப் பின்னரே, பிறப்பதும் உலகியற்கை. வானொலி அலையால் இயங்கும் மாதிரி ஹெலிகொப்டரில் ஆர்வங்கொண்ட இளைஞனும் ரிமோட் பெட்டியைக் கையில் எடுத்ததும் அதன் இரு பெரிய கோல்களைத்தான் பார்க்கிறான். அவற்றில் ஒன்றின் ஓரமாக, விரல் நுனியளவே இருக்கும் த்ரொட்டில் ட்ரிம் என்னும் சிறு நெம்பு அவன் கண்ணில் கடைசியாகவே படுகிறது. அந்தச் சிறு நெம்பைப் பற்றி இந்த வாரம் சற்று விஸ்தாரமாக எழுத விரும்புகிறேன்.

விளையாட்டுப் பொருளைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். மேற்கு ஜேர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் 1970 அளவில் இத்தகைய ஹெலிகொப்டரை ஸ்திரமாகப் பறக்கச் செய்த காலத்தில் அது விளையாட்டாகவே இருந்தது. ஆனால், 1987 இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் ஆர்-50 என்ற ஆளில்லா ஹெலிகொப்டரை உருவாக்கி, 20 கிலோகிராம் சுமையுடன் நெல்வயல்களின் மேல் மருந்து தெளிக்க அனுப்பியபோது, அதே வித்தை உழவனுக்கு உதவும் தொழிலாக மாறிவிட்டது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் விரிந்து கிடக்க, தெளிகருவியை முதுகில் சுமந்து, சேற்றில் கால் புதைய, தான் தெளிக்கும் நஞ்சைத் தானே சுவாசித்து நடக்கும் மனிதர்களைக் கண்டு வளர்ந்த நமக்கு அந்தச் செய்தி அந்நியமானதன்று. எனவே இவ்வித்தையை நம் பிள்ளைகள் அடிப்படையிலிருந்து ஒழுங்காகக் கற்க வேண்டும் என்பது என் ஆசை.

ஹெலிகொப்டர் ரிமோட்டில் ஒரே கோல் இரண்டு காரியங்களை ஒருங்கே செய்கிறது. அதை மேலே தள்ளும்போது காபுரேற்றரின் வாய் திறந்து இஞ்சினுக்கு அதிகக் காற்றும் எரிபொருளும் செல்கின்றன. அதே வேளையில் மேலே சுழலும் இறக்கைகளின் சாய்வுக் கோணமும் கூடுகிறது. த்ரொட்டில் ட்ரிம் இவ்விரண்டில் முதலாவதை மட்டுமே, அதுவும் கோல் அடிப்பகுதியில் நிற்கும்போது மாத்திரமே, நுட்பமாக மாற்றுகிறது. அதாவது, இஞ்சின் நின்றுபோகாமல் மெதுவாக ஓடும் நிலையை நிர்ணயிப்பதும், வேண்டிய கணத்தில் காற்றை முற்றாக அடைத்து அதை நிறுத்துவதும் அதன் கடமைகள்.

மெதுவாக ஓடுவது எவ்வளவு மெதுவாக என்ற கேள்வியில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. இஞ்சினுக்கும் இறக்கைகளுக்கும் இடையே, சுழற்சி வேகம் கூடினால் தானாகப் பற்றிக்கொள்ளும் கிளட்ச் ஒன்று உண்டு. வரம்போரத்தில் நிறுத்திவைத்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓரிடத்தில் நின்றபடி இரைந்துகொண்டிருப்பதுபோல, இந்த இஞ்சினும் இறக்கைகளை அசைக்காமல் ஓட வேண்டும். ட்ரிம் சற்று உயர்ந்துவிட்டால் கிளட்ச் பற்றி, தரையில் நிற்கும்போதே இறக்கைகள் சுழலத் தொடங்கும். 600 மில்லிமீற்றர் நீள இறக்கைகள் பூட்டிய மாதிரியொன்று முழு வேகம் எடுத்து நிமிடத்துக்கு 1,800 முறை சுழல்கையில், இறக்கையின் நுனி மணிக்கு ஏறத்தாழ 450 கிலோமீற்றர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பவர், இஞ்சினை முடுக்கும்போது சுழலியின் தலையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்தின் அவசியத்தை உணர்வார். மாறாக, ட்ரிம் அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்திருந்தால், கோலைக் கீழே இழுத்து இறங்க முயலும் வேளையில் இஞ்சின் நடுவானில் நின்றுவிடும். கீழே இருப்பது வாவியின் உவர்நீரானால், பொறியையும் மின்னுறுப்புகளையும் மீட்டாலும் அவை பெரும்பாலும் பயன்படா. இவ்விரு அபாயங்களுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வெளியைக் கண்டுபிடிப்பதே ட்ரிம் அமைக்கும் வேலை.

அதை ஒரு கிரமத்தோடு செய்ய வேண்டும். இஞ்சினை முடுக்குவதற்கு முன்பே அதில் பெரும்பகுதி முடிந்துவிட வேண்டும். ட்ரிம்மை நடுவில் வைத்து, கோலையும் நடுவில் நிறுத்தி, காபுரேற்றரை இயக்கும் சேர்வோ என்னும் சிறு மோட்டாரின் கை இணைப்புக் கம்பிக்குச் செங்கோணமாக நிற்கவும் காபுரேற்றர் பாதி திறந்திருக்கவும் முதலில் பொருத்த வேண்டும். கோலை முழுதாக உயர்த்தினால் காபுரேற்றர் முழுதாகத் திறக்க வேண்டும். ஆனால் சேர்வோ எல்லையில் முட்டி முனகக் கூடாது. முனகினால் ரிமோட்டிலுள்ள பயண எல்லையைக் குறைக்க வேண்டும். கோலை அடிவரை இறக்கி, ட்ரிம் நடுவிலேயே நிற்கும்போது, காபுரேற்றர் வாயில் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் இடைவெளி தெரிய வேண்டும். இறுதியாக ட்ரிம்மையும் முற்றாகக் கீழே தள்ளினால் அந்த இடைவெளி வெளிச்சக் கீற்றும் தெரியாதபடி மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிப் பரீட்சையில் தேறாத யந்திரத்தை முடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவும் சரியாக அமைந்தபின், நாளுக்கு நாள் ஏற்படும் சிறு வேறுபாடுகளைத் தீர்ப்பதற்கு ட்ரிம் இருக்கிறது. வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாய் வீசும்போது காற்றின் அடர்த்தி குறைந்து இஞ்சினின் போக்கு மாறும். மாரிகாலத்து ஈரக்காற்றில் அது வேறொரு விதமாக மாறும். காலையில் அமைத்தது நண்பகலில் பிசகினால் ஒன்றிரண்டு சொடுக்கு மேலோ கீழோ நகர்த்துவது நியாயமே. ஆனால், எரிபொருள்-காற்றுக் கலவை பிழையாக இருப்பதையோ, மூடி திறந்து கிடந்ததனால் ஈரத்தை உறிஞ்சிய மெதனோல் எரிபொருளின் தோஷத்தையோ, தளர்ந்துபோன இணைப்புக் கம்பியையோ ட்ரிம்மால் மறைக்க முயல்வது தவறான பிரயோகம். ட்ரிம் அதன் நடுநிலையைவிட்டு வெகுதூரம் போக வேண்டியிருந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று கொண்டு அதைத் தேடிச் செல்வதே விவேகம்.

மின்மோட்டார் பூட்டிய இக்கால மாதிரிகளில் காபுரேற்றர் இல்லையாதலால் இக்கவலையும் இல்லையென்று எண்ணிவிடக் கூடாது. ரிமோட்டிலிருந்து வரும் கட்டளை, 1 முதல் 2 மில்லி செக்கன் வரை நீளும் மின்துடிப்பாக வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சென்றடைகிறது. தொடக்கத்தில் அத்துடிப்பு மிகக் குறைந்த அளவில் இருப்பதைக் கண்டாலன்றி அக்கருவி மோட்டாரை இயங்க அனுமதிப்பதில்லை. ஆகவே ட்ரிம் சற்று உயர்ந்திருந்தால் மோட்டார் ஒலி எழுப்பியபடி அசையாது கிடக்கும். இதைவிட முக்கியமான விஷயம் இன்னொன்றுண்டு. ரிமோட்டையும் ஹெலிகொப்டரிலுள்ள ரிசீவரையும் முதன்முதல் இணைக்கும் வேளையில் த்ரொட்டில் எந்நிலையில் இருந்ததோ, அதையே தொடர்பு அறும்போது கைக்கொள்ள வேண்டிய நிலையாகப் பல ரிசீவர்கள் நினைவில் பதித்துக்கொள்கின்றன. கோலையும் ட்ரிம்மையும் கீழே இறக்காமல் இணைத்தவனுடைய ஹெலிகொப்டர், கட்டளை அறுந்த பின்னும் மோட்டார் சுழன்றபடியே யார்மீதும் பாயக்கூடும்.

நம் நகரத்தின் விமான நிலையம் வாவியோரத்திலேயே இருக்கிறது. ஆகையால் பறக்கவிடும் இடத்தையும் அனுமதியையும் பற்றி சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளை முன்னரே அறிந்து நடப்பது ஒவ்வொருவரின் கடமை. பாடசாலைகளின் விஞ்ஞான மன்றங்களை நடத்தும் ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். மாணவன் கையில் இந்த ரிமோட்டைக் கொடுக்கும் நாளில், இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, யந்திரத்தை முடுக்கவும் நிதானமாக ஓடவிடவும் நிறுத்தவும் மட்டும் முதலில் பழக்குங்கள். நினைத்த கணத்தில் தவறாமல் நிறுத்த அவன் கற்றுக்கொண்டபின் இறக்கைகளைப் பூட்டிப் பறக்கவிடுங்கள்; அதற்கு முன் வேண்டாம்.