சித்திர ரீச்சருக்கு ஓர் அறை

மொன்றியலில் இருந்து ஊரவர்களுக்கும், சனசமூக நிலையத்தாருக்கும், உள்ளூரிலும் வெளிநாட்டிலும் உள்ள எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர்களுக்கும் எழுதுகிறேன்.

கொன்கோடியாப் பல்கலைக்கழகத்தில் கலைக் கல்வியில் முதுமாணி படிக்கிறேன் என்ற செய்தி ஊருக்கு வந்த நாள் முதல் ஒரே கேள்விதான் என்னைத் துரத்துகிறது: "அதைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?" பெரியம்மா இன்னும் நேராகவே கேட்டா: "கணக்காளராய் இருந்த பிள்ளை, இந்த வயதிலை படம் கீறப் பழகுதோ?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தொலைபேசியில் விளக்கிக் களைத்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

முதலில் காசுக் கதையை முடித்துவிடுகிறேன். நான் விட்டு வந்த வேலையில்தான் சம்பளம் அதிகம். இந்த முதுமாணி, கியூபெக் பள்ளிக்கூடங்களில் படிப்பிப்பதற்கான அனுமதிப்பத்திரத்தைத் தராது. அதற்கு வேறு படிப்பு, வேறு வழி. இது ஓர் ஆய்வுப் பட்டம். கடன்பட்டுப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். நூதனசாலைகளிலும் சமூக நிலையங்களிலும் வேலை உண்டு, ஆனால் வரிசையில் நின்று கூப்பிட மாட்டார்கள்.

நான் இங்கே படம் கீறுவது குறைவு. வாசிப்பதும், பிள்ளைகள் கீறுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதும், பார்த்ததை எழுதுவதும்தான் கூட. இத்துறையில் எல்லோரும் முதலில் கேள்விப்படும் பெயர் விக்டர் லோவன்ஃபெல்ட். வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் களிமண்ணில் உருவம் செய்யப் பழக்கியவர். யூதர் என்பதால் நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போனார். 1947இல் வெளியான அவருடைய நூல் பிள்ளைகளின் படங்களைப் பருவம் பருவமாகப் பிரித்துக் காட்டியது. இரண்டு வயதில் கிறுக்கல். ஏழு வயதளவில் தாளின் அடியில் ஒரு கோடு, அதன்மேல் வீடு, மரம், ஆள் எல்லாம் நிற்கும். மேலே வானம் ஒரு நீலப் பட்டை. சுவருக்குள்ளால் வீட்டுக்குள் இருக்கும் ஆட்கள் தெரிவார்கள். பிள்ளைக்கு ஆட்டுக்குட்டியில் ஆசை என்றால் அது அம்மாவை விடப் பெரிதாக நிற்கும். இவற்றைப் பிழை என்று திருத்தக்கூடாது, பிள்ளை தான் அறிந்ததைத்தான் கீறுகிறது என்றார் அவர். ஒன்பது, பத்து வயதில் "எனக்குக் கீற வராது" என்ற வெட்கம் வருகிறது. பலர் அங்கேயே பென்சிலை வைத்துவிடுகிறார்கள்.

பிறகு 1970களில் பிறென்ற் வில்சன், மார்ஜரி வில்சன் என்ற இருவர் இதை மறுத்தார்கள். பிள்ளையின் படம் உள்ளிருந்து தானாக ஊறுவதில்லை, பார்த்த படங்களில் இருந்து எடுத்துக் கீறுகிறது என்பது அவர்களின் வாதம். வகுப்பில் நான் வில்சன்கள் பக்கம் நின்றேன். காரணம் நீங்கள்தான். எங்கள் ஊர்ப் பிள்ளையிடம் "ஒரு இயற்கைக் காட்சி கீறு" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவே சூரியன், மலையடியில் இருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. மலையே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை எங்கிருந்து வந்தது? கரும்பலகையில் ரீச்சர் கீறியதைப் பார்த்துக் கீறினோம். அந்த ரீச்சருக்கு அவருடைய ரீச்சர் கீறிக் காட்டியிருப்பார். போட்டிகளிலும் அதற்கே பரிசு. கண்ணுக்கு முன்னால் நின்ற பனைகளும் கிடுகு வேலியும் துலாக் கிணறும் சிவப்பு மண் புகையிலைத் தோட்டமும் யாருடைய சித்திரக் கொப்பிக்குள்ளும் வரவில்லை.

இதை ஒரு ஆசிரியரின் குறை என்று சொல்ல மாட்டேன். சித்திர ரீச்சரை நாங்கள் எதற்கு வைத்திருக்கிறோம் என்று யோசியுங்கள். விளையாட்டுப் போட்டிக்கு வரவேற்பு வளைவு, பரிசளிப்பு விழாவுக்கு மேடைப் பின்திரை, சான்றிதழில் பெயர் எழுத்து. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வந்தால் முதலில் பறிபோவது சித்திரப் பாடவேளை. ஓ.எல். வகுப்பில் அழகியல் பாடம் தெரிவு செய்யும்போது, சங்கீதமும் நடனமும் ஓடாத பிள்ளையைச் சித்திரத்தில் தள்ளிவிடுவோம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். 1938இலேயே ஓவியர் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கினார். இலங்கையில் சித்திரக் கல்விப் பரிசோதகராக இருந்த ஆங்கில ஓவியர் வின்சரின் பெயர் அது. அதன் பின் குருநகரில் பிறந்த மாற்கு மாஸ்ரர் வந்தார். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்த அவரே, வெளியே ஓவியர்களைச் சேர்த்து விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை நடத்தினார். இன்று ஈழத்து ஓவியம் என்று பேசுகிறவர்கள் பலர் அவரிடம் பழகியவர்கள். லோவன்ஃபெல்டின் பெயரை நான் அறிந்த அளவுக்கு இவர்களை அறியாமல் விமானம் ஏறினேன். எங்கள் பாடப்புத்தகத்தில் இவர்கள் இருக்கவில்லை.

இந்த மொன்றியல் நகரத்தின் கதையும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பேரன் பிங் என்று ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. தையல் ஆலைகளில் வேலை செய்த யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் படித்த பள்ளி. 1922 முதல் கால் நூற்றாண்டு அங்கே சித்திரம் படிப்பித்தவர் ஓவியர் ஆன் சாவேஜ். பள்ளிச் சுவர்களில் பிள்ளைகளையே பெரிய ஓவியங்கள் தீட்டவிட்டார். அவரிடம் படித்த ஆல்ஃபிரட் பின்ஸ்கி பின்னாளில் கொன்கோடியா நுண்கலைப் பீடத்தின் முதல் பீடாதிபதி ஆனார். கப்பலில் வந்திறங்கிய சனத்தின் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல சித்திர ரீச்சர் வாய்த்ததால் விளைந்தது அது.

என் ஆய்வு, வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் தாங்கள் காணாத ஊரை எப்படிக் கீறுகிறார்கள் என்பது பற்றியது. ஒரு பிள்ளையின் படத்தைத் தொடுவதற்கு முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் போதாது, பிள்ளையும் சம்மதிக்க வேண்டும். நடுவில் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். போட்டிக்கு என்று சேர்த்துக் கொண்டு போன படங்கள் திரும்பி வராத பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு, இந்தப் படிவங்களே ஒரு பாடமாக இருந்தன.

படங்கள் பாதுகாக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. பௌஹவுஸ் கலைப் பள்ளியில் பயின்ற ஃப்ரிடல் டிக்கர்-பிரான்டைஸ், தெரேசின் நாஜி முகாமில் அடைபட்ட பிள்ளைகளுக்குக் களவாகச் சித்திரம் படிப்பித்தார். தாளில் தங்கள் பெயரை எழுதவைத்தார். 1944இல் அவரை அவுஷ்விற்சுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். இரண்டு சூட்கேசுகளில் விட்டுச் சென்ற ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராக் யூத நூதனசாலையில் இருக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் உயிர் தப்பவில்லை. பெயர்கள் இருக்கின்றன.

1995 ஒக்டோபரில் போரால் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது எங்களில் யார் பிள்ளைகளின் படங்களைத் தூக்கினோம்? உறுதியும் நகையும் அரிசியும் தூக்கவே கை போதவில்லை. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் போருக்குள்ளேயே, 1996இல், மட்டக்களப்பில் பிள்ளைகளுக்கென வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் அதில் முன்னின்றார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து வண்ணம் குழைத்தார்கள். செய்ய முடியாத காலம் என்று ஒன்று இல்லை.

இனி என் கோரிக்கை. பழைய மாணவர் சங்கங்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் கொத்து ரொட்டி விற்றும் இராப்போசனம் வைத்தும் சேர்க்கும் காசு நுழைவாயில் வளைவுக்கும் சிலைக்கும் போகிறது. அடுத்த முறை ஒரு சித்திர அறைக்குக் கொடுங்கள். தண்ணீர்க் குழாய், நீண்ட மேசைகள், படங்களைத் தட்டையாக வைக்க இழுப்பறை அலுமாரி. இவ்வளவும் வளைவை விடச் செலவு குறைவு. சித்திரப் பாடவேளையைப் புலமைப்பரிசிலுக்கு எடுக்காதீர்கள் என்று பள்ளிக்கூட அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் எழுந்து கேளுங்கள். சனசமூக நிலையம் வரும் நவராத்திரிப் போட்டியில் மலையும் ஆறும் கீறிய படத்துக்குப் பரிசு இல்லை என்று முன்கூட்டியே அறிவிக்கட்டும். பிள்ளைகள் கீறியதைப் பெயரும் வயதும் திகதியும் எழுதிச் சேர்த்து வையுங்கள். அலுமாரிக்கான காசை நான் அனுப்புகிறேன். யாரிடம் அனுப்ப வேண்டும் என்று மட்டும் கூட்டம் போட்டுத் தீர்மானித்து எழுதுங்கள்.