வண்டி ஓடவே இல்லை, ஆயில் மட்டும் எதுக்கு மாத்தணும்? பழைய கார்களுக்கு சிந்தெடிக் ஆயில் கணக்கு என்ன?

"வண்டி ஓடவே இல்லையே தம்பி... போன வருஷம் ஊத்துன ஆயில் அப்படியே இருக்கும். அதுக்குள்ள எதுக்கு மாத்தணும்?"

நெய்வேலி டவுன்ஷிப்பில் பழைய கார் வைத்திருக்கும் பலர் மெக்கானிக்கிடம் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. சிந்தெடிக் ஆயில் டின்னில் 10,000 கிலோமீட்டர், 15,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். கார் ஓடியதோ 3,000 கிலோமீட்டர்தான். மீதி 7,000 கிலோமீட்டருக்கான காசு வீணாகிறதே?

வீணாகவில்லை. பழைய கார், குறைந்த ஓட்டம் என்றால் கிலோமீட்டரைவிட காலண்டரைத்தான் பார்க்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

இந்தக் கேள்வி இப்போது ஏன் முக்கியம்?

பழைய காரை வைத்துக்கொள்வதே இப்போது செலவுதான். 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயில் இருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. டெல்லியைப் போல வயதைக் காட்டி காரை ஓரம்கட்டும் விதி தமிழ்நாட்டில் இல்லை. எஃப்சி வாங்கி, கட்டணம் கட்டினால் தொடர்ந்து ஓட்டலாம். அதனால் டிஎன் 31 பதிவெண்ணோடு பழைய மாருதி 800, ஆல்ட்டோ, சான்ட்ரோ, இண்டிகா கார்களை இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. பென்ஷன் பணத்தில் காரைப் பராமரிப்பவர்களுக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்குதான். ஆனால் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது என்றால் அது என்ஜின் ஆயில்.

நெய்வேலியில் என்ன ஸ்பெஷல்?

தூரம் குறைவு. அதுதான் சிக்கலே. என்எல்சி ஊழியர்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் இது. வீடு ஒரு வட்டத்தில், மார்க்கெட் பக்கத்து வட்டத்தில், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் அதைத் தாண்டி கொஞ்ச தூரத்தில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2008 மாடல் ஆல்ட்டோ ஒன்று தினமும் 3 கிலோமீட்டர் போய், 3 கிலோமீட்டர் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 25 நாள் என்றால் 150 கிலோமீட்டர். வருடத்துக்கு 1,800. நடுவில் சென்னைக்கு ஒன்றிரண்டு முறை, கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என்று போய் வந்தாலும் மொத்தம் 3,000 வரும். இந்தக் கணக்கில் 10,000 கிலோமீட்டரைத் தொட மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஒரே ஆயில் என்றால் என்ஜின் தாங்காது.

என்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. கேட்க ஆச்சரியமாக இருக்கும், ஆனால் இது பள்ளிக்கூட வேதியியல்தான். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். முழுதாக எரியாத பெட்ரோலும் கூடவே இறங்கும். ரிங் தேய்ந்த பழைய என்ஜினில் இது இன்னும் அதிகம்.

என்ஜின் நன்றாகச் சூடேறினால் இந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். ஆனால் டாஷ்போர்டில் உள்ள டெம்பரேச்சர் முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டைத்தான். ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும். 3 கிலோமீட்டர் ஓட்டத்தில், ஆயில் சூடேறுவதற்குள் கார் வீட்டு வாசலில் நின்றுவிடும். அடுத்த நாளும் இதே கதை. ஈரம் தங்கும், அமிலம் சேரும், ஆயிலில் கலந்திருக்கும் பாதுகாப்பு ரசாயனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும். கடைசியில் கூழ் மாதிரி ஒரு படிவு உருவாகும். மெக்கானிக்குகள் 'ஸ்லட்ஜ்' என்று சொல்வது இதைத்தான். ஆயில் போகும் வழியை அது அடைத்துவிட்டால் என்ஜினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

"இங்கதான் பனியே இல்லையே, வெயில் கொளுத்துதே?" என்று கேட்கலாம். குளிர் நாடுகள் அளவுக்கு இங்கே மோசம் இல்லை, உண்மைதான். ஆனால் கத்திரி வெயிலிலும் 3 கிலோமீட்டர் ஓட்டம் ஆயிலை முழுச் சூட்டுக்குக் கொண்டுபோகப் போதாது.

டர்பைன் ஆயில் வருஷக்கணக்கா ஓடுதே?

அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. டர்பைன் ஆயிலை அடிக்கடி மாற்றுவதில்லை. மாதிரி எடுத்து லேபில் சோதித்து, வடிகட்டி, தண்ணீரைப் பிரித்து, பல ஆண்டுகள் பயன்படுத்துவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஆனால் அந்த ஆயிலுக்குப் பக்கத்தில் எதுவும் எரிவதில்லை. டர்பைனும் ஒரே சீராக ஓடுகிறது. கார் என்ஜின் அப்படியில்லை. பெட்ரோல் எரியும் இடத்துக்கும் ஆயிலுக்கும் நடுவில் இருப்பது பிஸ்டன் ரிங் மட்டும்தான். காரில் ஆயிலைச் சுத்தப்படுத்த இருப்பதும் ஒரு சின்ன ஃபில்டர்தான். தூசியை அது பிடிக்கும். தண்ணீரையும் பெட்ரோலையும் பிடிக்காது.

சிந்தெடிக் என்றால் என்ன?

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துக் கிடைப்பது மினரல் ஆயில். சிந்தெடிக் ஆயிலில் மூலக்கூறுகள் ஒரே அளவில் சீராக இருக்கும்படி ரசாயன முறையில் தயாரிக்கிறார்கள். அதனால் சூட்டில் சீக்கிரம் கெடாது, ஸ்டார்ட் செய்த உடனே என்ஜின் முழுக்கப் பரவும்.

ஆனால் 'ஃபுல்லி சிந்தெடிக்' என்று எழுதியிருக்கும் எல்லா டின்னும் ஒன்றல்ல. முழுக்க ரசாயனத் தொகுப்பில் உருவாக்கியதும் அந்தப் பெயரில் வருகிறது. கச்சா எண்ணெயையே மிகத் தீவிரமாகச் சுத்திகரித்து மாற்றியமைத்ததும் அதே பெயரில் வருகிறது. இரண்டாவது வகையை சிந்தெடிக் என்று அழைக்கலாமா என்று அமெரிக்காவில் மொபில் நிறுவனமும் காஸ்ட்ரால் நிறுவனமும் மோதின. 1999-ல் அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, அழைக்கலாம் என்று காஸ்ட்ராலுக்குச் சாதகமாகச் சொன்னது. இரண்டாவது வகையும் நல்ல ஆயில்தான். ஆனால் 'சிந்தெடிக்' என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பி, இத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று, எந்த ஆயிலாக இருந்தாலும் உள்ளே இறங்கும் தண்ணீரையும் பெட்ரோலையும் அதனால் தடுக்க முடியாது. கெட்டுப்போகும் வேகத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

அடிக்கடி மாத்துனா நல்லதுதானே?

அதுவும் சரியில்லை. அமெரிக்காவில் 3,000 மைலுக்கு ஒரு முறை, அதாவது சுமார் 4,800 கிலோமீட்டருக்கு ஒரு முறை, ஆயில் மாற்றுவது நீண்ட கால வழக்கம். ஆயிலின் தரம் உயர்ந்த பிறகும் பழக்கம் போகவில்லை. தேவையில்லாமல் ஆயிலை வீணாக்காதீர்கள், மேனுவலைப் பாருங்கள் என்று கலிஃபோர்னியா அரசே பிரசாரம் செய்தது. நம்ம ஊரில் சொல்லப்படும் 5,000 கிலோமீட்டர் கணக்கும் மினரல் ஆயில் காலத்துப் பழக்கம்தான்.

மறுபக்கத்துக்கும் உதாரணம் உண்டு. 1997 முதல் 2002 வரை தயாரான டொயோட்டா கார்கள் சிலவற்றில் ஸ்லட்ஜ் சேர்ந்து என்ஜின் கெட்டதாக அமெரிக்காவில் புகார்கள் குவிந்தன. ஆயிலை ஒழுங்காக மாற்றாததுதான் காரணம் என்றது நிறுவனம். ஒழுங்காகத்தான் மாற்றினோம் என்றார்கள் உரிமையாளர்கள். கடைசியில் 2002-ல் அந்த என்ஜின்களுக்கு 8 ஆண்டுகள் வரை சிறப்புப் பாதுகாப்பை நிறுவனம் அறிவித்தது. ஸ்லட்ஜ் விஷயத்தில் ரசீதைப் பத்திரமாக வைப்பது எவ்வளவு முக்கியம் என்பதும் இதில் தெரிகிறது.

சரி, எப்போது மாற்ற வேண்டும்?

கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பல நிறுவனங்களின் மேனுவலில் 'கடினமான பயன்பாடு' என்று தனி அட்டவணை இருக்கும். குறுகிய தூர ஓட்டம், தூசி நிறைந்த சாலை, மெதுவான ஓட்டம் எல்லாம் அதில் வரும். டவுன்ஷிப்புக்குள் மட்டும் ஓடும் கார் 'ரொம்ப ஈஸியா ஓடுற வண்டி' என்று நாம் நினைப்போம். மேனுவல் அதைக் கடினமான பயன்பாடு என்கிறது.

• டவுன்ஷிப் ஓட்டம், நடுநடுவே வெளியூர்: வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம். 3,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் சரி.

• வெளியூர்ப் பயணமே இல்லை, எல்லாம் ஐந்து கிலோமீட்டருக்குள்: மேனுவலில் உள்ள கடினமான பயன்பாட்டுக் கணக்கு. பெரும்பாலும் வழக்கமான இடைவெளியில் பாதி, அதாவது சுமார் ஆறு மாதம்.

• விக்கிரவாண்டி சாலையில் அடிக்கடி நீண்ட பயணம்: மேனுவல் 10,000 என்றால் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம். மேனுவல் 5,000 என்று சொல்லும் பழைய காரில் சிந்தெடிக் ஊற்றியதற்காக நேராக 15,000-க்குத் தாவ வேண்டாம். 7,500 பாதுகாப்பான நடுவழி.

• டர்போ உள்ள பழைய டீசல் கார்: மேனுவல் சொல்வதைத் தாண்டவே கூடாது. டர்போவின் ஆயுள் ஆயிலின் கையில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் ஆயில் ஃபில்டரையும் சேர்த்து மாற்றுங்கள். சுரங்கப் பகுதிச் சாலைகளில் அதிகம் ஓடும் கார் என்றால் ஏர் ஃபில்டரை இன்னும் அடிக்கடி பாருங்கள். அது பழுதானால் மண்தூசி நேராக என்ஜினுக்குள் போய் ஆயிலில் கலக்கும்.

மாற்றுவதைவிட முக்கியம் பார்ப்பது

பழைய என்ஜின் ஆயிலைக் குடிக்கும். விலை உயர்ந்த சிந்தெடிக் ஊற்றி ஒரு வருடம் பானட்டையே திறக்காமல் விட்டால், ஆயில் கெடுவதற்கு முன்பே குறைந்துபோகும். என்ஜினை உடனடியாகக் காலி செய்வது இதுதான். ஆயில் எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்ப முடியாது. அது எரிவது ஆயில் அழுத்தம் விழுந்த பிறகு.

அதனால் மாதம் இரண்டு முறை டிப்ஸ்டிக் பாருங்கள். சமதளத்தில் காரை நிறுத்தி, என்ஜினை அணைத்து, சில நிமிடம் கழித்து எடுத்துத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும். கறுப்பாக இருப்பதால் மட்டும் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. டீசல் காரில் புது ஆயிலே சில நாளில் கறுத்துவிடும். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலக்கிறது. பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலோ, அளவு கூடியிருந்தாலோ பெட்ரோல் இறங்குகிறது. இரண்டுக்கும் மெக்கானிக்கிடம் காட்டுவதே சரி.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். ஷெட்டில் நிற்கும் காரை தினமும் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது. ஈரத்தை உள்ளே சேர்ப்பதைத் தவிர ஆயிலுக்கு இதனால் பலனில்லை. அதற்குப் பதில் வாரம் ஒரு முறை வடலூர் வரை போய்த் திரும்புங்கள். நிற்காமல் அரை மணி நேரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறும்.

இ20 பெட்ரோல் வந்த பிறகு?

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய கார்கள் இதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலியத் துறையே 2025 ஆகஸ்டில் சொன்னது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. குறுகிய தூரம் மட்டும் ஓடும் பழைய காரில் ஆயிலை நீண்ட நாள் விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய காருக்கு சிந்தெடிக் ஊற்றலாமா?

ஊற்றலாம். சிந்தெடிக் ஊற்றினால் சீல் கெட்டு ஆயில் ஒழுகும் என்பது பழைய பயம். ஏற்கெனவே தேய்ந்த சீலை அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தால், அழுக்கு கரையும்போது ஒழுகல் வெளியே தெரியும், அவ்வளவுதான். பல வருடம் கவனிக்காமல் விட்ட என்ஜின் என்றால், முதல் முறை ஊற்றிய ஆயிலை 2,000 முதல் 3,000 கிலோமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. கரைந்த அழுக்கு அதோடு வெளியேறும்.

கிரேடு விஷயத்தில் மேனுவல் சொல்வதே வேதம். புது கார்களுக்கான 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில், 20டபிள்யூ-40 கேட்கும் பழைய என்ஜினுக்கு ஒத்துவராது. ஏபிஐ தர முத்திரையில் எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி என்று எழுத்துகள் இருக்கும். இவை முறையே 2001, 2004, 2010, 2020-ல் வந்தவை. பழைய தரம் கேட்கும் பெட்ரோல் காருக்குப் புதிய தரத்தை ஊற்றலாம். கிரேடு எண் மட்டும் பொருந்த வேண்டும்.

வடித்த ஆயில் எங்கே போகிறது?

ஒரு லிட்டர் பழைய ஆயில் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சுரங்கத்துக்காக இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைக்கும் ஊர் நெய்வேலி. தண்ணீரின் அருமையை இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டப்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் நிறுவனங்கள் மீதே மத்திய அரசு வைத்திருக்கிறது. எனவே வீட்டில் ஆயில் மாற்றினால் சாக்கடையிலோ தோட்டத்திலோ ஊற்றாமல், பழைய ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

வருடம் ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற ஆகும் செலவு, என்ஜினைப் பிரித்து ரிங்கும் பேரிங்கும் மாற்றும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இன்றைக்கே பானட்டைத் திறந்து, கடைசியாக ஆயில் மாற்றிய ஸ்டிக்கரைப் பாருங்கள். அதில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு தேதியும் இருக்கும். அந்தத் தேதி ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் மெக்கானிக்குக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.