பங்கில் போன பணம் தலையெழுத்தா?

சேலம், நாமக்கல் பக்கத்து மக்கள் பணம் சம்பாதிப்பதில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். லாரிக்குக் கூண்டு கட்டுகின்றார்கள், கோழி வளர்க்கின்றார்கள், தறி ஓட்டுகின்றார்கள், ரிக் வண்டியைக் கொண்டுபோய் வடதேசத்துப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கின்றார்கள். ஆனால் இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பணத்தைப் பிறத்தியான் கையில் கொடுத்து அது போய்விட்டால், அப்பொழுது மாத்திரம் இவர்களுடைய அறிவு எங்கே போய் ஒளிந்து கொள்ளுகின்றது என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

சென்ற மாதம் திருச்செங்கோட்டில் ரிக் தொழில் செய்யும் தோழர் ஒருவரைக் கண்டோம். மகளுடைய படிப்புக்கென்று வைத்திருந்த பணத்தை ஒரு கம்பெனியின் பங்குகளில் போட்டிருந்தாராம். அக்கம்பெனி காட்டிய லாபக் கணக்கு பொய்யென்று பின்னால் வெளியாகி, பங்கின் விலை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. "என்ன செய்யப் போகின்றீர்கள்?" என்று கேட்டோம். "என்னங்க செய்யறது, நம்ம தலையெழுத்துங்க. ஏழரைச் சனி நடக்குது" என்றார்.

அவருடைய வண்டியிலிருந்து டீசல் திருடினவனைப் பிடித்தால், "சனி திருடினான்" என்று சொல்லி விட்டுவிடுவாரா என்று கேட்கின்றோம். பத்து லிட்டர் டீசல் போனால் திருட்டு. பத்து லட்சம் ரூபாய் போனால் தலையெழுத்தா? திருடினவன் கிழிந்த சட்டை போட்டிருந்தால் போலீஸ் ஸ்டேஷன், கழுத்தில் டை கட்டியிருந்தால் கிரகபலனா?

இதில் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். வியாபாரம் என்றால் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. தீவனம் விலை ஏறி, முட்டை விலை இறங்கினால் கோழிப்பண்ணைக்காரருக்கு நஷ்டந்தான். அதுபோல் ஒரு கம்பெனி யோக்கியமாய் நடந்தும் வியாபாரம் படுத்துவிட்டால், பங்குதாரர் யார்மீதும் குற்றஞ்சொல்ல முடியாது. ஆனால் இல்லாத பணத்தை இருப்பதாக எழுதி, அதைப் பார்த்து நீங்கள் பங்கு வாங்கியிருந்தால், அது நஷ்டமல்ல, மோசடி. முன்னதற்குச் சட்டத்தில் பரிகாரமில்லை. பின்னதற்கு உண்டு.

இதற்கு நல்ல உதாரணம் ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் சங்கதியாகும். பெயரோ சத்யம், கணக்கோ அசத்தியம். நிர்வாக ஒழுங்குக்காக 2008 செப்டம்பரில் அதற்குத் தங்க மயில் விருது என்று ஒன்று கொடுத்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 16-ந் தேதி, தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தாருக்குச் சம்பந்தப்பட்ட மேடாஸ் கம்பெனிகள் இரண்டை 160 கோடி டாலர் கொடுத்து வாங்குவதென்று டைரக்டர்கள் தீர்மானித்தார்கள். பங்குதாரர்கள் கூச்சல் போட்டவுடன் சில மணி நேரத்துக்குள் தீர்மானம் வாபசாயிற்று. பங்குதாரர்கள் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

2009 ஜனவரி 7-ந் தேதி ராஜு தாமே ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் பாங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் வெறும் எழுத்து என்று அதில் ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் பங்கின் விலையில் முக்கால் பாகத்துக்குமேல் கரைந்தது. அத்தனை வருஷமும் அந்தக் கணக்கைச் சரியென்று கையெழுத்திட்டவர்கள் உலகப் பிரசித்தி பெற்ற ஆடிட்டர்கள்! 

இனித்தான் முக்கியமான விஷயம் வருகின்றது. அதே கம்பெனியின் பங்குப் பத்திரத்தை அமெரிக்கச் சந்தையில் வாங்கினவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே வழக்காய்ப் போட்டார்கள். 2011-ல் கம்பெனி 12 கோடியே 50 லட்சம் டாலரும், ஆடிட்டர்கள் 2 கோடியே 55 லட்சம் டாலரும் கொடுத்து ராஜி செய்து கொண்டார்கள். இங்கே வாங்கினவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களுக்காக ஒரு முதலீட்டாளர் சங்கம் தேசிய நுகர்வோர் கமிஷனுக்குப் போயிற்று, சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று, பலன் பூஜ்யம். 2015 ஏப்ரலில் ராஜு உள்ளிட்ட 10 பேருக்கு ஹைதராபாத் கோர்ட்டு 7 வருஷத் தண்டனை விதித்தது. அடுத்த மாதமே மேல்கோர்ட்டு தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீனில் விட்டது. பணம் போனவனுக்கு என்ன கிடைத்தது?

ஒரே கம்பெனி, ஒரே பொய். அமெரிக்காவில் வாங்கினவனுக்குச் சனி இல்லை, சேலத்தில் வாங்கினவனுக்கு மாத்திரம் சனி இருந்ததா? கிரகம் வித்தியாசப்படவில்லை, தோழர்களே! சட்டந்தான் வித்தியாசப்பட்டது.

அந்தச் சட்டம் இன்று இங்கேயும் வந்துவிட்டது. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 245-ஆவது பிரிவு, 2016 ஜூன் 1-ந் தேதி முதல் அமுலில் இருக்கின்றது. இதன்படி பங்குதாரர்கள் கூட்டாகச் சேர்ந்து தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னையில் அதன் பெஞ்சு இருக்கின்றது. கம்பெனியின்மீது மட்டுமல்ல, டைரக்டர்கள்மீதும், பொய்யான அறிக்கை கொடுத்த ஆடிட்டர்மீதும், ஆலோசனை சொன்ன நிபுணர்மீதும் நஷ்டஈடு கேட்கலாம். பங்கு வெளியீட்டு அறிக்கையிலேயே பொய் சொல்லியிருந்தால் 35, 37-ஆவது பிரிவுகளின்படி தனி ஆளாகவும் வழக்காடலாம்.

எத்தனை பேர் சேர வேண்டும்? 2019-ல் வந்த விதிப்படி, மொத்தப் பங்குதாரரில் நூற்றுக்கு 5 பேர், அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அது போதும். லட்சக்கணக்கான பங்குதாரர் உள்ள கம்பெனியானாலும் 100 பேர் போதும். கோவில் கும்பாபிஷேகத்துக்கு ஒரே நாளில் ஆயிரம் பேரிடம் வசூல் செய்கின்ற ஊரில் 100 பேரைச் சேர்ப்பது பிரமாதமா?

"செலவுக்கு எங்கே போவது?" என்பார்கள். கேட்பாரற்று 7 வருஷம் கிடந்த டிவிடெண்டுப் பணமெல்லாம் சர்க்காரிடமுள்ள முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்ச் சேருகின்றது. தீர்ப்பாயம் அனுமதித்தால், இந்த வழக்குக்கு ஆன செலவை அந்த நிதியிலிருந்து திரும்பப் பெறலாம் என்று 125-ஆவது பிரிவு சொல்லுகின்றது. ஆனால் வேண்டுமென்றே பொய்வழக்குப் போட்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை எதிர்க்கட்சிக்குக் கொடுக்க நேரிடும் என்பதையும் மறைக்காமல் சொல்லி விடுகின்றோம்.

செபிக்குப் புகார் எழுதுவதும் நல்லதுதான், அதற்குச் செலவில்லை. ஆனால் செபி மோசக்காரனைத் தண்டிப்பது வேறு, உங்கள் பணம் உங்களுக்கு வருவது வேறு.

நிற்க, இந்தச் சட்டம் பூரணமானது என்று நாம் சொல்ல வரவில்லை. பாங்கிகளுக்கு 245-ஆவது பிரிவு பொருந்தாதென்று எழுதி வைத்திருக்கின்றார்கள். ஜனங்களின் பணம் அதிகமாய்ப் புழங்கும் இடத்துக்கே விலக்குக் கொடுத்த நியாயம் நமக்குப் புரியவில்லை. சட்டம் வந்தும், இதுவரை இந்தப் பிரிவில் வந்த வழக்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாவிக்காத உரிமை பரணில் கிடக்கும் மண்வெட்டி, துருத்தான் ஏறும்.

மற்றொன்று, பங்கு வேறு, டெபாசிட்டு வேறு. 2012-ல் ஈமுக் கோழித் திட்டங்கள் கவிழ்ந்து நம் கொங்குப் பக்கத்தார் ஏமாந்தபோது, அது பங்கு விவகாரமல்ல. அதற்கு 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது. பொருளாதாரக் குற்றப் பிரிவும் தனிக்கோர்ட்டும் இருக்கின்றன. எந்த நோய்க்கு எந்த மருந்து என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

தீபாவளி நாளில் பங்குச் சந்தையில் முகூர்த்த வியாபாரம் என்று ஒரு மணி நேரம் நடத்துகின்றார்கள். படித்த தரகர்கள் லட்சுமிப் படத்துக்குப் பூப்போட்டுவிட்டுப் பங்கு வாங்குகின்றார்கள். எந்த லட்சுமியாவது எந்தக் கம்பெனியின் கணக்கையாவது தணிக்கை செய்ததுண்டா? கணக்கறிக்கை பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் முன்பே உங்களுக்கு வருகின்றது, அதை வாசியுங்கள். விளங்காவிட்டால் விளங்கினவரிடம் கேளுங்கள். பொதுக்கூட்ட நடவடிக்கைக் குறிப்பைக் கம்பெனி ஆபீசில் போய் இலவசமாய்ப் பார்வையிட உங்களுக்கு உரிமையுண்டு. பங்கு வாங்கிய ரசீதையும் வெளியீட்டு அறிக்கையையும் ஜாதகத்தைக் காப்பாற்றுவதுபோல் காப்பாற்றுங்கள். ஜாதகம் எந்தக் கோர்ட்டிலும் சாட்சியாகாது, இவை சாட்சியாகும்.

திருச்செங்கோட்டுத் தோழருக்கு நாம் சொன்னது இதுதான்: "சனிக்கு எள் விளக்கு ஏற்றப் போகும் நேரத்தில், உங்களைப்போல் ஏமாந்த இன்னும் 99 பேரைத் தேடுங்கள்." அவர் யோசிப்பதாகச் சொல்லியிருக்கின்றார். யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்பதே நமக்குப் போதுமானது.