இரண்டு கணேஷ், இரண்டு விக்ரம்

ஜேம்ஸ் பாண்ட் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றுவிடும். ஷான் கானரியா, ரோஜர் மூரா, டேனியல் கிரெய்க்கா? 1962-ல் வந்த ‘டாக்டர் நோ’ முதல் 2021-ல் வந்த ‘நோ டைம் டு டை’ வரை இயான் நிறுவனம் எடுத்த பாண்ட் படங்கள் 25. நாயகனாக நடித்தவர்கள் 6 பேர். ஒரே பாத்திரத்துக்கு இத்தனை முகங்கள் இருந்தால் ஒப்பிடத் தோன்றுவது இயல்புதான். அதில் குறையில்லை, குறை ஒப்பிடும் முறையில் இருக்கிறது. படம் நன்றாக அமைந்தால் வரவு முழுவதையும் நாயகன் பெயரில் எழுதுகிறோம். சறுக்கினால் பற்றையும் அவர் பெயரிலேயே எழுதுகிறோம். கதை எழுதியவர், இயக்கியவர், படத்தொகுப்பாளர், பணம் போட்டவர் ஆகியோருக்கு அந்தப் பேரேட்டில் பக்கமே இல்லை. அப்படி எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு யார் பெரியவர் என்று எத்தனை நாள் வாதாடினாலும் விடை கிடைக்காது. நடிகரை நடிகரோடு ஒப்பிட வேண்டுமென்றால், மற்றவை ஏறக்குறைய அப்படியே இருக்க நடிகர் மட்டும் மாறிய இடத்தைத் தேட வேண்டும். அல்லது நடிகர் அப்படியே இருக்க மற்றவை மாறிய இடத்தைத் தேட வேண்டும். தமிழ் சினிமாவில் இந்த இரண்டு வகைக்கும் நல்ல உதாரணம் உண்டு. முதல் உதாரணத்தில் நம் காரைக்குடி வட்டாரத்துக்காரர்களின் கை பெரிது.

சுஜாதாவின் கணேஷ் உளவாளி அல்ல, வக்கீல். ஆனாலும் 1968-ல் ‘நைலான் கயிறு’ தொடர்கதையில் தலைகாட்டி, பல ஆண்டுகள் கதைக்குக் கதை தொடர்ந்து வந்தவர். ஒவ்வொரு வாசகரும் தம் மனத்தில் அவருக்கு ஓர் உருவம் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த வகையில் தமிழில் பாண்டுக்கு மிக அருகில் நிற்கும் தொடர் நாயகன் அவர்தான். 1977-ல் ‘காயத்ரி’ படமானபோது கணேஷாக ஜெய்சங்கர் வந்தார். அடுத்த ஆண்டே வெளியான ‘ப்ரியா’வில் கணேஷ் ரஜினிகாந்த். இரண்டுக்கும் மூலக்கதை சுஜாதா, திரைக்கதை சிறுகூடல்பட்டி பஞ்சு அருணாசலம், இசை இளையராஜா. இரண்டிலும் ஸ்ரீதேவி. முன்னதை இயக்கியவர் ஆர். பட்டாபிராமன், பின்னதை இயக்கியவர் காரைக்குடியில் பிறந்த எஸ்.பி. முத்துராமன். ஒரு தொடர் நாயகனின் இரண்டு முகங்களை அருகருகே வைத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இரண்டு படங்கள் தமிழில் இல்லை. ‘காயத்ரி’யின் மையம் ஆபத்தில் சிக்கிய இளம் மனைவியும் அவளை ஏமாற்றும் கணவனும். அந்தக் கணவனாக நடித்தவர் ரஜினி. கதையின் மின்சாரம் அவரிடமே இருந்தது. கணேஷ் வெளியிலிருந்து வந்து விசாரிப்பவர், காப்பாற்ற முயல்பவர். ‘ப்ரியா’வில் அந்த நிலை தலைகீழானது. நாவலில் லண்டனில் நடந்த கதை திரையில் சிங்கப்பூருக்குப் போனது. கணேஷுக்குப் பாட்டும் காதலும் சண்டையும் சேர்ந்தன. நாவலைப் படித்தவர்களுக்கு அவர் அந்நியராகத் தெரிந்தார். அந்த வேறுபாட்டை ரஜினியின் நடிப்பின் மேல் போடுவது சரியா? ‘ப்ரியா’வின் திட்டத்துக்குள் ஜெய்சங்கரை நிறுத்தியிருந்தால் அவரும் பாடியிருப்பார், சண்டை போட்டிருப்பார், அறுபதுகளில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் அவர் செய்ததும் அதைத்தானே. மாறியது நடிகரின் திறமை அல்ல, படத்துக்குள் கணேஷுக்கு ஒதுக்கப்பட்ட இடம். இதற்கு இன்னும் வலுவான சான்று 1980-ல் வந்தது. ஏவி.எம். தயாரிப்பு, முத்துராமன் இயக்கம், பஞ்சு அருணாசலம் எழுத்து: ‘முரட்டுக்காளை’. அதில் நாயகன் ரஜினி, வில்லன் ஜெய்சங்கர். மூன்றே ஆண்டுகளில் அதே எழுத்தாளரின் பேனா இரண்டு பேரையும் இடம் மாற்றி உட்காரவைத்தது. இரண்டு இடத்திலும் இருவரும் பொருந்தினார்கள்.

இப்போது பாண்டுக்குத் திரும்பலாம். 1995-ல் ‘கோல்டன் ஐ’ வந்தபோது பியர்ஸ் பிராஸ்னன் கொண்டாடப்பட்டார். 2006-ல் ‘கசினோ ராயல்’ வந்தபோது, முடியின் நிறத்தைக்கூடக் காரணம் காட்டி எதிர்க்கப்பட்ட கிரெய்க், ஒரே படத்தில் எல்லோர் வாயையும் அடைத்தார். இந்த இரண்டையும் இயக்கியவர் ஒருவரே: மார்ட்டின் கேம்ப்பெல். அதே பிராஸ்னன் 2002-ல் ‘டை அனதர் டே’யில் கணினி வரைந்த அலைமேல் சறுக்கிப் போனபோது ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அதே கிரெய்க் 2008-ல் ‘குவான்டம் ஆஃப் சோலஸ்’ செய்தபோது படம் துண்டு துண்டாக நின்றது. ஹாலிவுட் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொண்ட படம் அது. முடிந்த திரைக்கதை கையில் இல்லாமலே படப்பிடிப்புக்குப் போனார்கள். 2012-ல் சாம் மெண்டிஸ் ‘ஸ்கைஃபால்’ எடுத்தபோது 100 கோடி டாலர் வசூலைத் தாண்டிய முதல் பாண்ட் படம் அதுவாயிற்று. நான்கு ஆண்டுகளில் கிரெய்க் நடிப்பை மறந்துவிட்டு மறுபடி கற்றுக்கொள்ளவில்லை. ஜார்ஜ் லேசன்பியின் கதை இன்னும் வருத்தமானது. 1969-ல் ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ என்ற ஒரே படத்தோடு போனவர். தொடரின் தோல்வி என்றே நெடுங்காலம் அவரைச் சொன்னார்கள். ஆனால் முதல் படங்களைத் தொகுத்த பீட்டர் ஹன்ட் இயக்கிய அந்தப் படத்தைத் தனக்கு மிகப் பிடித்த பாண்ட் படம் என்று பின்னாளில் கிறிஸ்டோபர் நோலன் சொன்னார். இன்று அதை உயர்ந்த வரிசையில் வைப்பவர்கள் ஏராளம். படம் மாறவில்லை, நடிப்பும் மாறவில்லை. முன்பு நாயகனை மட்டும் பார்த்தவர்கள் இப்போது படத்தைப் பார்க்கிறார்கள். டிமதி டால்டன் இரண்டே படத்தோடு நின்றதையும் அவர் நடிப்புக்கு மக்கள் சொன்ன தீர்ப்பாகச் சிலர் எண்ணுகிறார்கள். 1989-க்குப் பிறகு ஆறு ஆண்டுகள் பாண்ட் படமே வராமல் தடுத்தது நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கு. டால்டனுக்கு முன்பே, 1986-ல், பிராஸ்னனைத்தான் தேர்ந்திருந்தார்கள். தொலைக்காட்சித் தொடர் ஒப்பந்தம் அவரை விடவில்லை. யார் வந்தார், எத்தனை படம் செய்தார் என்பதையே இவ்வளவு தற்செயல்கள் தீர்மானிக்கும்போது, எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போடுவது நியாயமாகாது.

நடிகர் மாறாமல் மற்றவை மாறிய தமிழ் உதாரணம் ‘விக்ரம்’. 1986-ல் ராஜசேகர் இயக்கத்தில், சுஜாதா எழுத்தில், கமல்ஹாசன் உளவாளி விக்ரமாக வந்தார். சத்யராஜின் சுகிர்தராஜா ‘அக்னிபுத்ரா’ ஏவுகணையைக் கடத்தும் வரை அது விறுவிறுப்பான உளவுக் கதை. சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குள் நுழைந்ததும் ராஜா ராணிக் கதையாகிவிடுகிறது. கமலின் உடல்வேகமும் கண்ணும் இரண்டு பகுதியிலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன; ஏவுகணையின் மேல் நமக்கிருந்த கவலைதான் சலாமியா அரண்மனையில் கரைந்துபோகிறது. 36 ஆண்டுகள் கழித்து, 2022-ல், லோகேஷ் கனகராஜ் அதே பெயரை, அதே உளவாளியை, அதே நடிகரைக் கொண்டு படம் எடுத்தார். அவர் செய்த துணிச்சலான காரியம் நாயகனை ஒளித்து வைத்தது. முதல் பாதியின் பெரும்பகுதியை ஃபகத் ஃபாசிலின் அமர் நடத்திச் செல்கிறார். விக்ரம் யார் என்ற கேள்வியே கதையை இழுக்கிறது. இடைவேளையில் அவர் வெளிப்படும்போது அரங்கு அதிர்ந்தது என்றால், அந்த அதிர்வில் பாதி அதுவரை அவர் யாரென்று காட்டாத திரைக்கதையின் சம்பாத்தியம். அனிருத் 1986-ன் பாட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் அதில் சேர்த்தி. பாண்டுக்குக் கிடைக்காத ஒன்றும் இங்கே நடந்தது. பாண்டுக்கு வயதானால் ஆளை மாற்றுவார்கள். ‘எ வியூ டு எ கில்’ வந்தபோது ரோஜர் மூருக்கு வயது 57, அதோடு அவர் விலகினார். நம் விக்ரம் அதே உடலோடு முதுமைக்கு வந்தார், பேரக் குழந்தைக்குக் காவல் நின்றார். ஆளை மாற்றாத தமிழ்ப் பழக்கம் இந்த ஒரு முறை பெரும் பேறாக அமைந்தது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. ஹாலிவுட்டில் நடிகர் சம்பளத்துக்கு வருபவர். தமிழில் நட்சத்திரமே கதையையும் இயக்குநரையும் முடிவு செய்கிறார். ஆகவே படத்தின் நல்லது கெட்டதை அவர் தலையில் போடுவது இங்கே நியாயம்தானே? இதில் உண்மை இருக்கிறது. திரையில் குடிப்பதில்லை, புகைப்பதில்லை என்று எம்.ஜி.ஆர். தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு, 1968-ல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘ரகசிய போலீஸ் 115’ஐ அதன் தலைப்பு நினைவூட்டும் 007-லிருந்து முற்றிலும் வேறான படமாக்கியது. அங்கே நாயகனின் கட்டுப்பாடே பாத்திரத்தை எழுதியது. 1986 ‘விக்ரம்’ கமலின் சொந்தத் தயாரிப்பு. சலாமியாவுக்குப் போகலாம் என்ற முடிவில் அவருக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இது என் வாதத்தை உடைக்கவில்லை. சலாமியாவுக்குப் போனது தயாரிப்பாளர் கமலின் முடிவு. சலாமியாவில் நடித்தது நடிகர் கமல். இரண்டுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட வேண்டும். தேர்வு பிசகியபோதும் நடிப்பு நிற்கலாம். தேர்வு சிறந்தபோது சுமாரான நடிப்பும் கரையேறலாம். இதைப் பிரிக்காமல் பேசுவதால்தான் ஜெய்சங்கருக்கு நாம் அநியாயம் செய்கிறோம். ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ ஆகியவற்றால் அவருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ என்ற பட்டம் நிலைத்தது. அவை மாடர்ன் தியேட்டர்ஸின் கட்டுக்கோப்பான தொழிற்சாலை முறையில் உருவானவை: குறைந்த நாள், திட்டமிட்ட செலவு, வேதாவின் இசை. அந்தச் சட்டத்துக்குள் அவர் காட்டிய துள்ளலையும் அலட்டிக்கொள்ளாத பேச்சையும் கானரியின் பெரிய பட்ஜெட் படங்களோடு வைத்து மட்டம் தட்டுவது, நடிகரை விட்டுவிட்டுச் செட்டை ஒப்பிடுவது.

அப்படியானால் நடிகருக்கு எதுவுமே சொந்தமில்லையா என்று கேட்கலாம். உண்டு, நிறையவே உண்டு. நடை, குரல், ஒரு வசனத்துக்கு முன் எடுத்துக்கொள்ளும் நேரம், அடிவாங்கும்போது முகம் காட்டும் வலி, இவை அவருடையவை. முதல் படத்தின் இயக்குநர் டெரன்ஸ் யங் கானரிக்கு உடையும் நாகரிகமும் பழக்கினார் என்பது தெரிந்த செய்தி; ஆனால் அந்த நடையில் இருந்த மிருக லாவகத்தை எந்த இயக்குநராலும் கற்றுத்தந்திருக்க முடியாது. கிரெய்க் ஓடும்போது உடல் சுவரில் மோதுவது நமக்கு வலிக்கிறது. மூரிடம் அந்த வலி இல்லை, அவர் அதைத் தேடவும் இல்லை. ஒப்பிட வேண்டியவை இவைதாம். இப்படி ஒப்பிட்டால் நான் டால்டனைப் பலரையும்விட மேலே வைப்பேன். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசும் அவருடைய பாண்டைக் கிரெய்க்குக்கு வழிகாட்டியாகவே பார்க்கிறேன். ஒவ்வொருவருக்கும் சிறுவயதில் முதலில் பார்த்த பாண்டே உசத்தி என்ற பேச்சும் உண்டு. அந்தப் பாசம் உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் லேசன்பி படத்தின் மதிப்பு உயர்ந்ததை அதனால் விளக்க முடியாது. அந்தப் படத்தோடு வளராதவர்கள்தாம் அதை மீட்டார்கள்.

செட்டிநாட்டில் இந்த வாதம் மற்ற ஊர்களைவிட எளிதாகப் புரிய வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த மண் தமிழ் சினிமாவுக்குக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் திரைக்குப் பின்னால் நின்றவர்கள். ஏவி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர், தேவகோட்டை ரஸ்தாவில் அவர் போட்ட ஸ்டூடியோவில்தான் 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ உருவானது, அடுத்த ஆண்டு அந்த ஸ்டூடியோ கோடம்பாக்கத்துக்குப் போனது. கண்ணதாசனும் அவர் அண்ணன் தயாரிப்பாளர் ஏ.எல். சீனிவாசனும், பஞ்சு அருணாசலமும் முத்துராமனும் இந்த வட்டாரத்தினர். துப்பறியும் தொடரையே எடுத்துக்கொண்டால், தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணன் ‘கல்கண்டு’ ஆசிரியராக இருந்துகொண்டு சங்கர்லாலை நாடு நாடாக அனுப்பினார். சங்கர்லாலுக்கு நிரந்தரமான நடிகர் முகம் எதுவும் அமையவில்லை. அதனால் அவருடைய வாசகர்களுக்கு ஒப்பிடக் கதைகளே இருந்தன: எந்த முடிச்சு நன்றாக விழுந்தது, எது அவசரத்தில் அவிழ்ந்தது என்று. எழுத்தை எழுத்தாக எடைபோட்ட அந்தப் பழக்கத்தைத் திரையரங்குக்குள் கொண்டுபோகாமல் விட்டது நமக்கு இழப்பு.

பாண்ட் தொடரின் படைப்புக் கட்டுப்பாடு 2025 பிப்ரவரியில் அமேசான் எம்.ஜி.எம். கைக்குப் போனது. அந்த ஆண்டே அடுத்த படத்தின் இயக்குநராக டெனி வில்நெவும், எழுத்தாளராக ஸ்டீவன் நைட்டும் அறிவிக்கப்பட்டார்கள். உலகமெங்கும் பேச்சு புதிய பாண்ட் யார் என்பதிலேயே சுற்றியது. அந்தப் படம் எப்படி இருக்கும் என்பதற்கான சேதியில் பாதி அந்த இரண்டு பெயர்களிலேயே வந்துவிட்டது என்பது என் கணிப்பு. தமிழில் கணேஷை மறுபடி யாராவது திரைக்குக் கொண்டுவர நினைத்தால், நாயகனின் தேதி வாங்குவதற்கு முன் திரைக்கதையை எழுதி முடிக்கட்டும். கணேஷின் ஜூனியர் வசந்துக்கு அதில் என்ன இடம், நீதிமன்றத்துக்கு என்ன இடம், சுஜாதாவின் அந்தச் சுருக்கப் பேச்சு திரையில் யார் வாயில் வரும் என்பதெல்லாம் முடிவான பிறகு, ஜெய்சங்கரும் ரஜினியும் விட்ட இடத்திலிருந்து தொடங்க ஒரு நடிகரைத் தேடிக்கொள்ளலாம்.