கார்டு வாங்கலையோ கார்டு!

காலேஜ் சேர்ந்தாச்சு. வீட்ல லேப்டாப் வாங்கித் தர்றேன்னுட்டாங்க. கடைக்குப் போனா, ‘இது கிராபிக்ஸ் கார்டு உள்ள மாடல், விலை கொஞ்சம் கூட’ங்கறார் சேல்ஸ்மேன். நீங்க அப்பாவைப் பார்க்கறீங்க. அப்பா பர்ஸைப் பார்க்கறார். பாஸ், ஒரு நிமிஷம்! அந்தக் கார்டுக்கு என்னதான் வேலை?

கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. சமையல் மாஸ்டர் கில்லாடி. சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் அத்துப்படி. ஆனா, 500 இலைக்கும் அவரே வடை வைக்கப் போனா? கடைசி இலைக்கு வர்றதுக்குள்ள முதல் ஆள் கை கழுவிடுவார். அதுக்குத்தான் பரிமாற ஒரு பட்டாளம். ஆளுக்கு ஒரு சின்ன வேலை, எல்லாரும் ஒரே நேரத்துல. மாஸ்டர்தான் சி.பி.யூ. பட்டாளம்தான் ஜி.பி.யூ!

முழு ஹெச்.டி. ஸ்கிரீன்ல 20,73,600 புள்ளிகள். விநாடிக்கு 60 முறை அத்தனைக்கும் கலர் கணக்குப் போட்டாத்தான் கேம் திக்காம ஓடும். அதாவது, விநாடிக்கு 12 கோடிக்கும் மேல!

1999-ல் ‘உலகின் முதல் ஜி.பி.யூ.’ன்னு சொல்லி ‘ஜிஃபோர்ஸ் 256’ கார்டை இறக்கியது என்விடியா. கேமுக்காகப் பிறந்த இந்தப் பட்டாளம் வேற வேலைக்கும் உதவும்னு அப்புறம்தான் புரிஞ்சுது. 2012-ல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி டீம், ரெண்டே ரெண்டு கேம் கார்டுகளை வெச்சு, படத்தைப் பார்த்து ‘இது இன்னது’ன்னு சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்கி, இமேஜ்நெட் போட்டியில் ஜெயிச்சுது. இன்னிக்கு ஏ.ஐ. இந்த ஆட்டம் ஆடுறதுக்கு அது ஒரு பெரிய திருப்புமுனை.

சரி, உங்களுக்கு வேணுமா? சி, ஜாவா புரோகிராம், பிராஜெக்ட் ரிப்போர்ட், சினிமா... இதுக்கெல்லாம் சிப்புக்குள்ளேயே இருக்கற சாதா கிராபிக்ஸ் தாராளம். தனிக் கார்டு போட்டா சூடும் எடையும்தான் மிச்சம். பெரிய கேம், 3டி அனிமேஷன், கனமான வீடியோ எடிட்டிங், ஏ.ஐ. பிராஜெக்ட்னா கேளுங்க. தப்பில்லை. ஏன்னா, டெஸ்க்டாப் மாதிரி லேப்டாப்ல பின்னாடி கார்டு சொருகிக்கறது பெரும்பாலும் நடக்காது. எப்பவாவதுதான் தேவையா? கூகுள் கோலாப் மாதிரி இடங்கள்ல இன்டர்நெட் வழியா ஓசியிலேயே கொஞ்ச நேரம் ஜி.பி.யூ. கிடைக்கும்.

அப்பாகிட்ட கேக்கறதுக்கு முன்னாடி உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க பாஸ்... பந்தி எத்தனை பேருக்கு?